தரையில் கொட்டாத மீன்

பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் அவருடைய நம்பருக்குப் போன் செய்தால் முதலில் ஐஸ் உடைக்கிற சத்தம்தான் கேட்கும். அப்புறம் ஒரு ஆண் குரல் "ஆரு?" என்று அதட்டும். நாம் எழுத்தாளரோடு பேச வேண்டும் என்று சொல்வோம். "பிள்ள எழுதிட்டிருக்கு. மூணு மணிக்கு மேல கூப்பிடுங்க" என்று பதில் வரும், அடுத்த வார்த்தை பேசுவதற்குள் லைன் கட்டாகிவிடும். திரேஸ்புரத்தில் மீன் ஏலக் கூடத்துக்கு எதிரே ஐஸ் கடை வைத்திருந்த அண்ணாச்சியின் குரல் அது. எழுதுகிற நேரத்தில் போன் தன் வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது என்று, ஏலம் முடிந்து போகிற வழியில் தினமும் அதை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார் இவர்.

ஒரு தடவை சென்னையிலிருந்து ஒரு டிவிக்காரப் பெண், மூன்று மணி வரை பொறுக்க முடியாமல், ஐஸ் கடை அண்ணாச்சியிடமே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். எழுத்தாளரின் எழுத்தில் உங்களுக்குப் பிடித்தது எது என்றாராம். "எழுத்து கிழுத்தெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நேரத்துக்கு ஐஸ் எடுப்பா. எடுத்தா பாக்கி வைக்க மாட்டா. நல்ல பிள்ள" என்று சொல்லியிருக்கிறார் அண்ணாச்சி. அந்தப் பேட்டி வரவே இல்லை. இவரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். இதுவரை தனக்கு வந்ததிலேயே நல்ல விமர்சனம் அதுதான் என்றார்.

இப்போது அந்த நம்பர் இல்லை. கணவருக்குக் கப்பல் வேலை போய் கரை வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார்கள். நான் சொல்வது அவர் இங்கே இருந்த காலத்தை. அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஏலக் கூடத்தில் மீன் ஏலம் கூறுகிறவர். அவருடைய அப்பா கூறிக்கொண்டிருந்த இடம் அது. அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல் போனதும், மறுநாள் காலையில் மகள் போய் நின்றார். பொம்பளை கூறினால் எவன் வாங்குவான் என்று நாலு பேர் சிரித்தார்களாம். அன்றைக்கு வந்த சீலா மீன் அத்தனையும் வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னாலேயே விற்றுத் தீர்ந்தது. கூடத்தின் அந்தக் கோடியில் நிற்கிறவனுக்கும் காதில் அறைகிற மாதிரி ஒரு குரல். அந்தக் குரலை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தால் அத்தனை மெதுவாக எப்படி எழுதினார் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

நான் இதில் எங்கே வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஸ்ரீவைகுண்டம். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டாக்குமெண்ட் வேலை பார்க்கிறேன். அப்போது ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பு போட்டிருந்தேன். அதற்கு அப்புறம் ஆறு வருஷமாக ஒரு கதையும் எழுதவில்லை. ஆனால் என் ஆன்லைன் பக்கத்தில் தினமும் ஏதாவது எழுதுவேன். காலையில் பல் தேய்க்கிறேனோ இல்லையோ, ராத்திரி போட்டதற்கு யார் யார் லைக் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிடுவேன். என்னோடு கல்லூரியில் படித்தவன் சின்னதாகப் பதிப்பகம் நடத்திக்கொண்டிருந்தான். இவருடைய முதல் நாவல் அவனிடம் வந்தது, கோடு போட்ட நோட்டில், கையெழுத்தில். அதை டைப் செய்கிற வேலையும், அவருக்கென்று ஆன்லைனில் ஒரு பக்கம் ஆரம்பித்து நடத்துகிற வேலையும் என் தலையில் விழுந்தன. டைப் செய்தது பிரியத்தில். பக்கம் நடத்தியது, உண்மையைச் சொன்னால், பெருமைக்காக.

அவருடைய கையெழுத்து கோணல் மாணலாக இருக்கும். வியாபாரிகள் பெயரை அவசர அவசரமாகக் குறித்துப் பழகிய கை. முதல் வாரம் எனக்கு ஒரு வரியும் ஓடவில்லை. அப்புறம் பழகிவிட்டது. கடைசியில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் அவரும் நானும் மட்டும்தான் என்கிற நிலைமைக்கு வந்தது.

புத்தகம் அச்சாகி வந்ததும் பதிப்பாளன் அவரை லைவில் பேசச் சொன்னான். விளம்பரம் செய்யச் சொன்னால் எழுத்தாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். இவர் சுளிக்கவில்லை. "விக்கிறதுக்கு என்ன வெக்கம்? எங்க வீட்டுல மூணு தலமொறையா விக்கிற வேலதான்" என்றார். அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு, கழுவிவிட்ட ஏலக் கூடத்தில் ஒரு தார்ப்பாயை விரித்து, புத்தகங்களை அதன்மேல் கொட்டினார். அடுக்கவில்லை, கொட்டினார். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏலே வாங்கலே, ஏளா வாங்களா! இருநூத்தி எட்டுப் பக்கம், ஐஸ்ல வைக்காத சரக்கு! செவுளத் தூக்கிப் பாரு!" என்று ஒரு புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினார். "ரத்தம் காயல பாத்தியா? முள்ளு இருக்கு, சொல்லிட்டேன். தொண்டையில சிக்குனா நான் பொறுப்பில்ல. வெல ஏறாது, எறங்காது. ஒரு தரம்!"

ஐஸ் கடை அண்ணாச்சி உட்படக் கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். வீடியோ ஊரெல்லாம் ஓடியது. துபாயில் இருக்கிறவன் பார்த்தான், மலேசியாவில் இருக்கிறவன் பார்த்தான். என் அலுவலகத்துக்கு வந்த ஒரு கப்பல் கேப்டன்கூட அதைப் போனில் எடுத்துக் காட்டி, இது உங்க ஊரா என்று கேட்டார். சரியாக ஐந்து மணிக்கு, பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, "அவ்வளவுதான். இனி அடுத்த சனிக்கிழமை" என்று சொல்லிவிட்டு என்னிடமிருந்து போனை வாங்கி அணைத்தார். ஆயிரக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

அதுதான் அவருடைய ஏற்பாடு. பக்கத்துக்கு வாரத்தில் ஒரு மணி நேரம். சனிக்கிழமை நாலிலிருந்து ஐந்து. ஐஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்து, அந்த வாரம் வந்த கமெண்ட் ஒவ்வொன்றுக்கும் பதில் போடுவார். வந்த வரிசையிலேயே போடுவார். பிரபலமானவர், பிரபலமில்லாதவர் என்று பார்க்க மாட்டார். ஒருவன், மீன் விற்கிறவள் எல்லாம் எழுத வந்துவிட்டாள் என்று எழுதியிருந்தான். அவனைப் பிளாக் செய்யச் சொல்லி நான் குதித்தேன். இவர் நிதானமாக, "ஆமா அண்ணாச்சி. ஞாயித்துக்கெழமைக்கு விளமீன் வேணும்னா சொல்லுங்க, எடுத்து வைக்கேன்" என்று பதில் போட்டார். ஐந்து மணி ஆனால் பாதி கமெண்டில் நிற்கும். மிச்சம் அடுத்த வாரம்.

மற்ற நாளில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை எழுத்து. மகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வரைக்கும். வீட்டு மாடியில் கல்நார்க் கூரை போட்ட ஒரு அறை. வெயிலில் உள்ளே இருக்க முடியாது. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எழுதுவார். இவருக்குப் புகழ் ஆசை இல்லை என்று யாரோ மேடையில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

"ஆசை இல்லாமயா அண்ணாச்சி? போன் பக்கத்துல கெடந்தா அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாப்பேன். அந்த வீடியோ ஓடுன அன்னைக்கு ஒரு வரி எழுதல தெரியுமா? அதனாலதான் ஐஸ் கடையில கொண்டு போட்டுட்டு வாரேன். அவரு கிட்ட போயி கேக்க கூச்சமா இருக்கும்லா."

வீடியோவுக்குப் பிறகு அவரை எல்லாரும் கூப்பிட ஆரம்பித்தார்கள். மீன் மசாலா கம்பெனி ஒன்று விளம்பரத்துக்குக் கூப்பிட்டது. வேண்டாம் என்றார். மதுரையில் ஒரு இலக்கியக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். நாவல் பற்றிப் பேச வேண்டும் என்றதால் சம்மதித்தார். விடுப்புப் போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். மேடையில் அவரை அறிமுகம் செய்தவர் நாவலின் பெயரைத் தப்பாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "இப்ப நம்ம சகோதரி ஒரே ஒரு தடவை ஏலம் கூறிக் காட்டுவாங்க!" என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எல்லார் கையிலும் போன் எழுந்தது.

இவர் மைக் முன்னால் வந்து நின்று சுற்றிலும் பார்த்தார். "மீன் எங்க?" என்று கேட்டார்.

சபை சிரித்தது. "இருக்கிறதா நினைச்சுக்கிட்டுச் சும்மா கூறுங்க" என்றார் அறிமுகம் செய்தவர்.

"மீன் இல்லாம நான் கூறுறதில்லைங்க. எங்க தொழில்ல அப்படிக் கெடையாது. புக்க வாசிச்சவங்க இருந்தா கை தூக்குங்க."

ரெண்டு கைகள் எழுந்தன. ஒன்று என்னுடையது. அவர் கோபப்படவில்லை. புத்தகத்தைப் பிரித்து, மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, மூன்றாவது அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். மெதுவான குரலில். பின்வரிசைக்குக் கேட்கவில்லை. ஒவ்வொரு போனாகக் கீழே இறங்கியது. சிலர் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். இருபது நிமிஷம் வாசித்துவிட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சண்டை பிடித்தேன். ஒரு நிமிஷம் கூறியிருந்தால் கொண்டுபோன புத்தகம் எல்லாம் விற்றிருக்குமே, என்ன வீம்பு இது என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"எங்க அப்பா தொண்டை முழுசும் மீனுக்கே போயிட்டு. என் தொண்டையில பாதி மீனுக்கு, பாதி புக்குக்கு. கைதட்டு வாங்குறதுக்குன்னு தனியா ஒண்ணும் மிச்சம் வைக்கல அண்ணாச்சி" என்றார். அதற்கப்புறம் கோவில்பட்டி வரும்வரை தூங்கினார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. கூட்டத்தில் எடுத்த போட்டோவை எந்த வாசகத்தோடு போடலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

அப்போது அவர் இரண்டாவது நாவலை எழுத ஆரம்பித்திருந்தார். நோட்டு நிரம்ப நிரம்ப, டைப் செய்ய என்னிடம் கொடுத்துவிடுவார். அதில் ஒரு பெண் வருவாள். கணவன் இறந்து போனபின் அவனுடைய படகு கரையில் நிற்கிறது. அவள் தினமும் காலையில் வந்து அதன் என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டுவாள். துருப்பிடித்துவிடக் கூடாது என்று. அப்புறம் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடிப்பாள். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை அடித்து முடித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தேன். நான் எழுதியிருக்க வேண்டிய பக்கம் என்று தோன்றியது. பொறாமைதான், மறைப்பானேன்.

பதிப்பாளன் இன்னொரு பக்கம் நெருக்கிக்கொண்டிருந்தான். வாரத்துக்கு ஒரு மணி நேரம் பத்தாது, தினமும் ஏதாவது போட வேண்டும், இல்லாவிட்டால் அவரை எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று என்னிடம் புலம்பினான். ஒருநாள் ஏலக் கூடத்துக்கே வந்து, தினமும் ஒரு மணி நேரம் பக்கத்துக்குக் கொடுக்க முடியாது என்றால் இரண்டாவது நாவலைத் தான் போடுவது சந்தேகம்தான் என்று அவரிடம் நேராகவே சொன்னான். இவர் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றை நிறுத்தவே இல்லை.

"காலையில மீனு. மூணு மணிக்கு மேல மகளும் அப்பாவும். நடுவுல இருக்கிற மூணு மணி நேரத்த ஆரு கேட்டாலும் தர மாட்டேன். சனிக்கிழம ஒரு மணி நேரம் உங்களுக்கு. அது போதும்னா பாருங்க. போதாதுன்னா வேற ஆளப் பாருங்க. கால எடுங்க, கழுவணும்."

அவன் காலை எடுத்தான். எனக்கு மனசு குளிர்ந்தது. ஆனால் பயமும் இருந்தது. இந்த மனுஷி பிடிவாதத்தால் தன் புத்தகத்தைத் தானே கெடுத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். நாம் ஏதாவது செய்து காப்பாற்ற வேண்டும் என்றும் நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த தப்பெல்லாம் அடுத்தவரைக் காப்பாற்றக் கிளம்பியபோது செய்ததுதான்.

ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு, அவருடைய போன் ஐஸ் கடையில் இருக்கிற நேரம் பார்த்து, அந்த என்ஜின்காரி வருகிற பக்கத்தை அவருடைய ஆன்லைன் பக்கத்தில் அவர் பெயரிலேயே எடுத்துப் போட்டேன். 'எழுதிக்கொண்டிருக்கும் நாவலிலிருந்து' என்று தலைப்புக் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் ஏலம் கூறிய வீடியோவையும் தாண்டிவிட்டது. பெண்கள் அழுதுவிட்டதாக எழுதினார்கள். அவளுக்கு அந்த என்ஜின் மெக்கானிக்கைக் கட்டி வையுங்கள் என்று ஒரு கூட்டம். நான் போட்ட பக்கத்தில் மெக்கானிக்கே கிடையாது. அவர்களே ஒருவனைக் கொண்டு வந்தார்கள். கல்யாணமெல்லாம் வேண்டாம், அவளே படகைக் கடலுக்குள் கொண்டு போகட்டும் என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் அடித்துக்கொண்டன. ஒருவர் அது என்ன என்ஜின், எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்டிருந்தார். நான் ராஜா மாதிரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பதிப்பாளன் போன் செய்து, "சாதிச்சுட்டலே!" என்றான்.

மறுநாள் காலை ஏலத்துக்கு நடுவில், கருவாட்டு வியாபாரி ஒருவர் இவரிடம், "யக்கா, அந்த என்ஜின்காரிக்குக் கல்யாணத்தப் பண்ணி வச்சிரு. பாவம்லா" என்று சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை தவிர ஆன்லைன் பக்கத்தைத் திறக்காத இவருக்கு முதலில் புரியவில்லை. அவர் தன் போனை எடுத்து நீட்டியிருக்கிறார். கணவாய் ஏலம் ஓடிக்கொண்டிருந்தது. விலை எங்கே நின்றது என்பது இவருக்கு மறந்துபோய், முதலிலிருந்து கூற வேண்டியதாகிவிட்டது. அப்படி ஒருநாளும் நடந்ததில்லை என்று ஐஸ் கடை அண்ணாச்சி என்னிடம் பின்னால் சொன்னார்.

அன்றைக்குப் பகல் பன்னிரண்டே காலுக்கு என் அலுவலகத்தில் வந்து நின்றார். அவர் எழுதுகிற நேரத்தில் அவரை வெளியே பார்த்தது அன்று ஒருநாள்தான். சேலை முந்தானையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. ஏ.சி. அறையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னத்துக்குப் போட்டிய?"

"நல்லா இருந்துச்சு. நாலு பேரு பாக்கட்டுமேன்னு..."

"முடிஞ்சிட்டா?"

"எது?"

"நாவல். முடிஞ்சிட்டான்னு கேக்கேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அந்தக் கட்டடமே கேட்டிருக்கும்.

"அண்ணாச்சி, படகு கரைக்கு வந்து, கூடையில தூக்கி வந்து, தரையில கொட்டுன பொறவுதான் நாங்க வாயத் தொறப்போம். வலையில கெடக்கிற மீனுக்கு எவனாவது வெல கூறுனா அவன் அடுத்த நாள் கூடத்துக்குள்ள கால வைக்க முடியாது. உங்களுக்குத் தெரியாதா? எத்தன நாளு வந்து நின்னு பாத்திருக்கிய!"

பார்த்திருக்கிறேன். ஆனால் அது என் புத்தியில் ஏறவே இல்லை. "எங்க ஊர்ல வேற மாதிரி. வாழை குலை தள்ளுனதும் வியாபாரி வந்து தோட்டத்தையே பேசி முடிச்சிட்டுப் போயிருவான். வெட்டுறதுக்கு முன்னாலேயே அட்வான்ஸ் வாங்கிருவோம். எனக்கு அப்படித்தான் தோணுச்சு" என்றேன். சமாளிக்கவில்லை, நிஜமாகவே எனக்கு அப்படித்தான் தோன்றியிருந்தது. எங்கள் வீட்டில் என் படிப்புச் செலவே வெட்டாத வாழையில்தான் நடந்தது.

"வாழை நின்ன எடத்துல நிக்கும் அண்ணாச்சி. மீன் நிக்குமா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தப் பொம்பள என்ஜின ஓட்டி நிறுத்துதா. அதுக்குப் பொறவு என்ன செய்வான்னு எனக்கே தெரியாது. தெரியாததுனாலதான் தெனமும் அந்த வெக்கையில போயி உக்காந்தேன். இப்ப ஊருல எல்லாவனுக்கும் தெரிஞ்சிட்டு. கல்யாணம் பண்ணிக்கிடுவாங்கான், கடலுக்குப் போவாங்கான். நான் போயி உக்காந்தா எனக்கு அவனுவ கொரலுதான் கேக்கும், அவ கொரலு கேக்காது. என்னத்த எழுத நான்?"

"அழிச்சிருதேன். இப்பவே அழிச்சிருதேன்."

"வாசிச்சவன் மண்டையில இருந்தும் அழிப்பியளா? என் மண்டையில இருந்து? நோட்டத் தாங்க."

மேஜை டிராயரில் வைத்திருந்த மூன்று நோட்டுகளையும் எடுத்துக் கொடுத்தேன். பக்கங்கள் சரியாக இருக்கின்றனவா என்று புரட்டிப் பார்த்தார். அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நோட்டுகளை மடக்குப் பையில் போட்டுக்கொண்டு போனார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதோடு பதிப்பாளனிடமிருந்தும் அவர் விலகிவிட்டார். பக்கத்தை மூடிவிடச் சொல்லி ஐஸ் கடை அண்ணாச்சி மூலம் எனக்குச் சேதி வந்தது. இலவசமாகக் கிடைக்கிற விளம்பரத்தை உதறிவிட்டுப் போகிறாள், இனி இவளை எவன் போடுவான் என்று பதிப்பாளன் கத்தினான். முதல் தடவையாக நான் அவனிடம், "நீ வாய மூடுலே" என்றேன்.

இரண்டு வருஷம் கழித்து அந்த நாவல் நாகர்கோவிலில் யாரோ ஒரு புதுப் பதிப்பாளர் போட்டு வந்தது. இங்கே நடந்த புத்தகத் திருவிழாவில் ஒரு மூலையில் கிடந்ததைப் பார்த்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்து, ஒரே மூச்சில் சாயங்காலம் முடித்தேன். நல்ல நாவல். ஆனால் என்ஜின்காரி அதில் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். அவள் வர வேண்டிய இடத்தில் கரையில் ஒரு படகு மட்டும் நிற்கிறது, பக்கத்தில் ஆள் இல்லை. அந்தக் காலி இடம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அழுதேன். என் மனைவி என்ன ஏது என்று பதறிப் போய்விட்டாள். ஒன்றுமில்லை, ஒருத்தியைக் கொன்றுவிட்டேன் என்று சொன்னால் அவளுக்கு எப்படிப் புரியும்?

அந்த வாரமே என் பக்கத்தையும் மூடினேன். அடுத்த சனிக்கிழமை திரேஸ்புரம் போனேன். ஏலம் கூறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், கூறுவதை நிறுத்தவில்லை. ஏலமெல்லாம் முடிந்து, தரையைக் கழுவி, விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டு வந்தார்.

"என்ன எழுதுதிய இப்பம்?"

"ஒண்ணும் எழுதல. பக்கத்தையும் மூடிட்டேன்."

"ரெண்டையும் எதுக்கு மூடுனிய? ஒண்ண மூடுனா போதாதா?" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஐஸ் கடைக்குள் போய் ஒரு நோட்டை எடுத்து வந்து நீட்டினார். "அவள மட்டும் தனியா வச்சு எழுதியிருக்கேன். ஒரு வருசத்துக்கு மேல வாயே தொறக்கல அவ. பொறவு தொறந்தா. டைப் பண்ணக் குடுத்தா என் கையெழுத்து ஒருத்தனுக்கும் வெளங்க மாட்டேங்கு. அதுக்காகத்தான் உங்க கிட்ட தாரேன். மன்னிச்சிட்டான்னு நெனச்சுக்கிடாதிய."

"நெனக்கல" என்றேன்.

"வெளிய வரதுக்கு நாளாகும். திருத்தணும்."

"சரி."

அந்தப் புத்தகமும் வெளிவந்து இப்போது சில வருஷங்கள் ஆகிவிட்டதால்தான் இவ்வளவும் சொல்கிறேன். அந்த நோட்டைத் தினமும் காலையில் அலுவலகத்துக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அடித்தேன். அவசரப்படவில்லை. ஒரு எழுத்து சந்தேகமாக இருந்தாலும் நேரில் போய்க் கேட்டு வந்தேன். மூன்று மணிக்கு மேல்தான் போவேன்.

கடைசி அத்தியாயத்தை அடித்து முடித்த அன்றைக்குப் பழைய பதிப்பாளனிடமிருந்து போன் வந்தது. ரொம்ப நாள் கழித்து, ரொம்பப் பிரியமாகப் பேசினான்.

"ஏலே, அவ திரும்ப எழுதுதாளாம்லா? அந்த என்ஜின்காரி கதையத்தான் எழுதுதான்னு ஒருத்தன் சொல்லுதான். நீதான் டைப் பண்ணுதியாம். ஜனங்க இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காங்கலே. ஒரே ஒரு வரி குடு, எடுத்துப் போட்டேன்னா பத்திக்கிடும். அவளுக்கும் நல்லதுதானலே. சரி, வரி வேண்டாம், சும்மா எங்கிட்ட மட்டும் சொல்லு. கடைசியில அவ கல்யாணம் பண்ணுதாளா, கடலுக்குப் போறாளா?"

நோட்டு என் முன்னால் விரிந்து கிடந்தது. அவள் என்ன செய்தாள் என்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். கல்யாணம் செய்து வைக்கச் சொன்னவர்களும் கடலுக்கு அனுப்பச் சொன்னவர்களும் ஒருசேர வாயடைத்துப் போகிற காரியம் அது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று என் நாக்கு துடித்தது. இவ்வளவு நல்ல விஷயத்தை நான் வாழ்நாளில் வாய்க்குள் வைத்திருந்ததே இல்லை.

"எந்த என்ஜின்காரிலே?" என்று கேட்டேன்.